பிரஷர் இருந்தால் பல் பிடுங்கலாமா?

ரத்தக் கொதிப்பு உள்ள முதியவர்களுக்குப் பல் பிடுங்கக் கூடாது என்ற பயம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. கட்டுப்பாட்டில் உள்ள அழுத்தம் சொத்தை அடைப்பதற்கோ, வேர் சிகிச்சைக்கோ, பல் எடுப்பதற்கோ தடையல்ல. அளவு 180/110ஐ எட்டினால் அவசரமில்லாத சிகிச்சையைத் தள்ளிவைப்பார்கள். பல் மருத்துவரின் நாற்காலியைப் பார்த்ததுமே சிலருக்கு அழுத்தம் ஏறிவிடும் என்பதால், சற்று நேரம் அமைதியாக உட்காரவைத்து மறுபடி அளப்பதுண்டு.

சிகிச்சை நாளன்று பிரஷர் மாத்திரையை நிறுத்தக் கூடாது. மரத்துப்போகும் ஊசி மட்டும் போடுவதாக இருந்தால் பட்டினியும் தேவையில்லை. வழக்கம்போல் சாப்பிட்டுவிட்டு, மாத்திரைச் சீட்டோடு போவதே சரி.

அந்த ஊசியில் லிக்னோகைனுடன் பெரும்பாலும் சிறிதளவு அட்ரினலின் கலந்திருக்கும். அது ரத்த நாளங்களைச் சுருக்கி, மருந்தை அதே இடத்தில் நீடிக்கவைக்கிறது. ரத்தக் கசிவையும் குறைக்கிறது. அட்ரினலின் அழுத்தத்தை ஏற்றுமே என்ற கேள்வி நியாயமானது. ஆனால் சரியாக மரக்காத பல்லில் கை வைத்தால், அந்த வலியிலேயே உடல் தன் பங்குக்கு அட்ரினலினைச் சுரக்கும். எனவே அடியோடு தவிர்ப்பதைவிட அளவோடு போடுவதே நல்லது. இதய நோயும் இருப்பவர்களுக்கு ஒரு வேளைக்கு 0.04 மில்லிகிராம் என்பது பொதுவான உச்சவரம்பு. ஊசிமுனை ரத்தக் குழாய்க்குள் போயிருக்கிறதா என்று லேசாக உறிஞ்சிப் பார்த்து, பிறகு மெதுவாகச் செலுத்துவார்கள். புரோப்ரனலால் என்ற பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களிடம் இன்னும் கவனம் வேண்டும்.

மாத்திரைகளின் சுவடு வாயிலும் தெரியும். நிஃபெடிபின், சில சமயம் அம்லோடிபின், ஈறைத் தடிக்கவைத்துப் பல்லின் மேல் வளரச் செய்யும். பல்லில் அழுக்குப் படிந்திருந்தால் வளர்ச்சி கூடும். ஆகவே முதல் வைத்தியம் பல்லைச் சுத்தம் செய்வதுதான். மாத்திரையை மாற்றுவது பிரஷர் பார்க்கும் மருத்துவரின் வேலை. சிறுநீர் பிரியவைக்கும் மாத்திரைகளால் வாய் உலரலாம். எச்சில் குறைந்தால், ஈறு இறங்கிய முதியவர்களுக்கு வேர்ப் பகுதியில் சொத்தை விழும். ஃபுளோரைடு பற்பசையும் அடிக்கடி ஒரு மடக்குத் தண்ணீரும் இதற்கு உதவும்.

ரத்தக் கட்டி அடைக்காமலிருக்க ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள் பல் எடுப்பதற்காகத் தாமாகவே அதை நிறுத்துவது ஆபத்து. கசியும் ரத்தத்தைப் பஞ்சாலும் தையலாலும் நிறுத்திவிடலாம். மூளையிலோ இதயத்திலோ ஏற்படும் அடைப்பு அப்படியல்ல.

சிகிச்சை முடிந்ததும் நாற்காலியிலிருந்து சட்டென்று எழக் கூடாது. படுத்த நிலையிலிருந்து எழும்போது அழுத்தம் திடீரென இறங்கித் தலை சுற்றும். இரண்டு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழலாம். வீட்டில் வலிக்குப் பொதுவாகப் பாராசிட்டமால் போதும், ஆனால் தண்ணீரில் நுரைத்துக் கரையும் வகையில் சோடியம் அதிகம். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் இரண்டும் பிரஷர் மாத்திரையின் வேலையைக் குறைக்கக்கூடியவை. அரை மணி நேரம் பஞ்சை அழுத்திக் கடித்த பிறகும் ரத்தம் நிற்காவிட்டால், மறுநாள் வரை காத்திராமல் பல் எடுத்த மருத்துவரிடமே திரும்பப் போக வேண்டும்.