நிலக்கரி தீரவில்லை... மெக்டவல் கவுன்டி காலியானது ஏன்?

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாகாணத்தில் இருக்கிறது மெக்டவல். கவுன்டி என்றால் நம்ம ஊர் மாவட்டம் மாதிரி. 1950-ல் இங்கே கிட்டத்தட்ட 98,900 பேர். 2020-ல் 19,111 பேர்தான்!

நிலக்கரி தீர்ந்துபோச்சா? இல்லை. ஆட்கள் வெட்டிய இடத்துக்கு இயந்திரம் வந்தது, வேலை போச்சு. கரி ரயிலேறி வெளியூர் எஃகு ஆலைகளுக்குப் போனது. லாபமும் கூடவே போனது. 1961-ல் கென்னடி அரசு உணவுக் கூப்பன் திட்டத்தைச் சோதித்துப் பார்த்தபோது, முதல் கூப்பனை வாங்கியதே இந்தக் கவுன்டிக் குடும்பம்தான். அதுவும், கரி இன்னும் வெட்டிக்கொண்டிருந்த காலத்தில்!

1980-களில் யு.எஸ். ஸ்டீல் கிளம்பியது. 2016-ல் வால்மார்ட்டும் மூடியது. சம்பளம் மட்டுமல்ல, உள்ளூர் உணவு வங்கிக்கு அந்தக் கடை கொடுத்துவந்த பொருட்களும் நின்றுபோயின.