ஒலி எண்ணாகும் விதம்

காற்றில் பரவும் ஒலி ஓர் அலை. ஒலிவாங்கியின் மெல்லிய சவ்வு அவ்வலைக்கேற்ப அதிர, அந்த ஏற்றத்தாழ்வு மின்னழுத்தமாக மாறுகின்றது. ஒலிநாடாவில் பதிவாவது இந்த இடையறாத ஓட்டமே. கணிப்பொறியோ எண்களை மட்டுமே அறியும். ஓட்டத்தை எண்ணாக்குவது எங்ஙனம்?

சீரான இடைவெளியில் மின்னழுத்தத்தை அளந்து குறித்துக்கொள்வதே வழி. குறுந்தகட்டில் நொடிக்கு 44,100 முறை அளக்கின்றனர். ஒவ்வோர் அளவும் 16 பிட் எண். அதாவது 65,536 படிகளுள் மிக அருகிலுள்ள ஒன்று. இதனால் நேரும் நுண்பிழை மெல்லிய இரைச்சலாகத் தங்கும்.

ஈரளவுகளுக்கு இடைப்பட்ட ஒலி தொலைந்து போகாதா? போகாது என்பதே கணிதம் தரும் வியப்பான விடை. அலையிலுள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணின் இருமடங்குக்கும் மேலாக அளந்தால், அவ்வளவுகளைக் கொண்டே முழு அலையையும் மீட்கலாம் என 1949இல் கிளாட் ஷானன் விளக்கினார். மனிதச் செவியின் எல்லை ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ். ஆகவே 40,000க்குச் சற்று மேல் போதும். 44,100 என்னும் விந்தையான எண், தொடக்கத்தில் எண்முறை ஒலியை வீடியோ நாடாவில் பதித்ததால் வந்தது. நொடிக்கு 60 முறை திரை வரையப்படும். முறைக்கு 245 வரிகள், வரிக்கு 3 அளவுகள். பெருக்கிப் பாருங்கள்!

எனினும் ஒரு நிபந்தனை உண்டு. 30,000 ஹெர்ட்ஸ் அலையொன்று வடிகட்டப்படாமல் நுழைந்தால், அது 14,100 ஹெர்ட்ஸ் ஒலியாக வேடமிட்டு வரும். பதிவான பின் மெய் எது, போலி எது எனப் பிரிக்கவியலாது. எனவே வடிகட்டி, அளவீட்டுக்கு முன்னரே நிற்கவேண்டும். மிக உரத்த ஒலியும் அவ்வாறே. உச்சப்படிக்கு மேல் எண் இல்லையாதலால் அலையின் முகடு வெட்டுண்டு போகும்.

மறைந்த பெரியோரின் உரைகளை நாடாவில் வைத்திருப்போர் இதனை மனத்திற் கொள்ளல் வேண்டும். நாடாவின் காந்தப் பூச்சு காலப்போக்கில் சிதையும்; ஓட்டும் கருவிகளும் அருகிவிட்டன. மறுமுறை ஓடுமா என உறுதி கூறவியலாத நாடாவை முதன்முறையிலேயே செவ்வனே மாற்றவேண்டும். ஒலிக்காப்பகங்கள் நொடிக்கு 96,000 அளவு, 24 பிட் என்பதையே விரும்புகின்றன. இடம் மிச்சமென்று நேரே எம்.பி.3 ஆக்குவது, என் கருத்தில், பொருந்தாச் சிக்கனம். செவிக்குப் புலப்படாதெனக் கருதுவனவற்றை அது களைந்துவிடும், களைந்தவை மீளா. முழுப்பதிவைக் காத்து, கேட்பதற்கு மட்டும் எம்.பி.3 படி எடுத்துக்கொள்ளலாம். நாடாவை ஓட்டுமுன் கருவியின் தலையைத் துடைத்து, அதன் கோணத்தையும் சரிபார்த்தல் நன்று. கோணம் பிசகினால் உயர்ந்த அதிர்வெண்களே முதலில் மங்கும்.