புயோ புயோ

புயோ புயோ என்பது ஒரே நிறத்து உருண்டைகளை ஒன்றுசேர்த்து மறையச் செய்யும் ஜப்பானிய நிகழ்பட ஆட்டம் ஆகும். ஹிரோஷிமா நகரைச் சேர்ந்த கம்பைல் என்னும் நிறுவனம் 1991 ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் இதனை முதலில் வெளியிட்டது. 1992 இல் சேகா நிறுவனத்தின் வழியாகக் காசு போட்டு ஆடும் விளையாட்டுக் கூடங்களுக்கு வந்த பின்னரே இது பரவலாக அறியப்பட்டது. டெட்ரிசு போன்று, மேலிருந்து விழும் துண்டுகளை அடுக்கும் புதிர் வகையைச் சேர்ந்ததாயினும், தனியாக ஆடி மதிப்பெண் சேர்ப்பதைவிட, எதிரே இருக்கும் இன்னொருவரை வெல்வதே இதன் முதன்மை நோக்கமாகும்.

பெயர்

ஜப்பானிய மொழியில் "புயோ புயோ" என்பது மென்மையாகவும் கொழகொழப்பாகவும் உள்ள பொருளின் தன்மையைக் காட்டும் குறிப்புச் சொல். தமிழில் உள்ள "கொழகொழ", "தளதள" ஆகிய இரட்டைக்கிளவிகளோடு இதனை ஒப்பிடலாம். இரட்டைக்கிளவி பிரிந்தால் பொருள் தராது என்பது நம் இலக்கண விதி. ஆட்டத்தை உருவாக்கியவர்களோ அச்சொல்லைப் பிரித்து, ஒற்றை உருண்டைக்குப் "புயோ" என்றே பெயரிட்டுவிட்டனர்.

ஆட்ட முறை

ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் 6 நெடுவரிசைகளும் 12 கிடைவரிசைகளும் கொண்ட ஒரு களம் உண்டு. அதாவது கண்ணுக்குத் தெரியும் இடங்கள் 72. இவற்றுக்கு மேலே, திரையில் தெரியாத 13 ஆவது கிடைவரிசை ஒன்றும் உள்ளது. புயோக்கள் இரண்டிரண்டாக இணைந்து மேலிருந்து விழும். அவற்றை இடமும் வலமும் நகர்த்தலாம், சுழற்றலாம். ஒரே நிறத்தைச் சேர்ந்த நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட புயோக்கள் பக்கவாட்டிலோ மேலும் கீழுமாகவோ ஒட்டிக்கொண்டால் அவை மறையும். மூலைவிட்டமாகத் தொட்டுக்கொண்டிருப்பது கணக்கில் வராது. நான்கும் நேர்கோட்டில் இருக்க வேண்டும் என்பதில்லை. வளைந்தும் கிளைத்தும் இருக்கலாம். இடப்புறத்திலிருந்து மூன்றாவது நெடுவரிசை 12 ஆவது கிடைவரிசை வரை நிரம்பிவிட்டால் ஆட்டம் முடிந்தது.

டெட்ரிசிலிருந்து இது வேறுபடும் முக்கியமான இடம் ஒன்று உண்டு. இங்கு ஒவ்வொரு புயோவும் தனித்தனியே ஈர்ப்புக்கு உட்பட்டது. இணையாக வந்த இரண்டை மேடும் பள்ளமுமான இடத்தில் கிடையாக வைத்தால், ஒன்று மேட்டில் நிற்க, மற்றது பிரிந்து பள்ளத்தில் விழும். கீழே உள்ளவை மறைந்தால் மேலே உள்ளவை இறங்கி அவ்விடத்தை நிரப்பும். அவ்வாறு இறங்கியவை புதிதாக நான்காகச் சேர்ந்தால் அவையும் மறையும். இதுவே சங்கிலித் தொடர் எனப்படுகின்றது. இவ்வாட்டத்தின் உயிர்நாடி இதுதான்.

எளிய எடுத்துக்காட்டு ஒன்று: முதல் நெடுவரிசையின் அடியில் மூன்று சிவப்பும் அவற்றின் மேல் மூன்று நீலமும் உள்ளன. இரண்டாம் நெடுவரிசையின் அடியில் ஒரே ஒரு நீலம் உள்ளது. அந்த ஒற்றை நீலத்தின் மேல் ஒரு சிவப்பை இறக்கினால், அது பக்கத்திலுள்ள மூன்று சிவப்புகளோடு ஒட்டி நான்கும் மறையும். உடனே மேலிருந்த மூன்று நீலங்களும் தரைக்கு இறங்கி, அங்கே காத்திருந்த நீலத்தோடு சேர்ந்து மறையும். ஓர் அசைவில் இரண்டு மறைவுகள். இது இரண்டு படிச் சங்கிலி. ஒரு படிக்குக் குறைந்தது 4 புயோக்கள் வேண்டும். மறைந்துள்ள வரிசையையும் சேர்த்தால் களத்தில் இருப்பவை 78 இடங்கள். எனவே களத்தில் அடுக்கி வைத்தவற்றைக் கொண்டு அமைக்கக்கூடிய மிக நீண்ட சங்கிலி 19 படிகளுக்கு மேற்போக இயலாது.

தாக்குதலும் மதிப்பெண்ணும்

ஒருவர் புயோக்களை மறையச் செய்யும்போது, அவர் பெறும் மதிப்பெண்ணுக்கு ஏற்ப எதிராளியின் களத்தில் நிறமற்ற தடைப் புயோக்கள் விழும். இவை தமக்குள் ஒட்டி மறைவதில்லை. பக்கத்தில் வேறொரு நிறக் கூட்டம் மறையும்போது மட்டுமே தாமும் மறையும். ஒரு முறைக்கு அதிகபட்சம் 30 தடைப் புயோக்கள், அதாவது முழுமையாக 5 கிடைவரிசைகள் விழும். மிச்சம் அடுத்த முறைக்குக் காத்திருக்கும்.

சங்கிலி ஏன் இத்தனை வலிமையானது என்பதைக் கணக்கிட்டே பார்த்துவிடலாம். பின்வருவது இரண்டாம் ஆட்டமான புயோ புயோ த்சூவின் விதி. மறையும் புயோக்களின் எண்ணிக்கையைப் பத்தால் பெருக்கி, அதனைப் படிக்கு உரிய எண்ணால் மீண்டும் பெருக்க வேண்டும். படிக்கு உரிய எண் முதல் படிக்கு 1 என்றும், அடுத்தடுத்த படிகளுக்கு முறையே 8, 16, 32, 64, 96 என்றும் உயரும். ஒரே நேரத்தில் பல நிறங்கள் மறைந்தாலோ, நான்குக்கு மேற்பட்டவை ஒன்றாக மறைந்தாலோ கூடுதல் உண்டு. அதனை இங்கு விட்டுவிடலாம். 70 மதிப்பெண்ணுக்கு ஒரு தடைப் புயோ என்பது தொடக்க விகிதம்.

நான்கு நான்காகத் தனித்தனியே ஐந்து முறை மறையச் செய்தால் கிடைப்பது 5 பெருக்கல் 40, அதாவது 200 மதிப்பெண்கள். எதிராளிக்குப் போவது 2 தடைப் புயோக்கள். அதே 20 புயோக்களை ஐந்து படிச் சங்கிலியாக அமைத்தால் 40, 320, 640, 1280, 2560 எனக் கூடி 4840 மதிப்பெண்கள் ஆகும். எதிராளிக்குப் போவது 69 தடைப் புயோக்கள். களத்தில் தெரியும் இடங்களே 72 என்பதை நினைவிற் கொள்க. ஒரே அளவு உழைப்புக்கு இத்தனை பெரிய வேறுபாடு இருப்பதால், வந்தவற்றை உடனுக்குடன் தீர்த்துக் களத்தைத் தூய்மையாக வைத்துக்கொள்ளும் டெட்ரிசுப் பழக்கம் இங்கு தோல்விக்கே இட்டுச் செல்லும். நிரம்பி வழியும் ஆபத்தோடு அடுக்கிக்கொண்டே போக வேண்டும்.

ஈடுசெய்தல் விதி

1992 ஆம் ஆண்டின் கூடப் பதிப்பில் ஒரு குறை இருந்தது. ஒருவர் அனுப்பிய தடைப் புயோக்களைத் தடுக்க மற்றவருக்கு வழியே இல்லை. அவர் எத்தனை பெரிய சங்கிலியை அடுக்கி வைத்திருந்தாலும், அனுப்பப்பட்டவை வந்து விழுந்தே தீரும். எனவே ஐந்து படிச் சங்கிலியை யார் முதலில் முடிக்கின்றாரோ அவருக்கே பெரும்பாலும் வெற்றி. அது ஓட்டப்பந்தயம் போன்றது. இருவரும் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றனரே தவிர, ஒருவரோடு ஒருவர் மோதுவதில்லை.

1994 இல் வெளிவந்த புயோ புயோ த்சூ இதனை மாற்றியது. "த்சூ" என்பது இரண்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை நினைவூட்டுவதோடு, ஜப்பானிய மொழியில் ஒரு துறையில் தேர்ந்தவரையும் குறிக்கும். இவ்வாட்டத்தில் கொண்டுவரப்பட்ட விதி ஈடுசெய்தல் எனலாம். வரவிருக்கும் தடைப் புயோக்கள் விழுவதற்கு முன் தானும் ஒரு சங்கிலியைத் தொடங்கினால், அதன் மதிப்பு வரவிருப்பதிலிருந்து கழிக்கப்படும். மிகுதி இருப்பின் அது எதிராளிக்கே திரும்பிச் செல்லும். ஒருவர் 69 அனுப்ப, மற்றவர் ஆறு படிச் சங்கிலியால் 124 அனுப்பினால், முதலில் தாக்கியவர் மீதே 55 விழும்.

இந்த ஒரு விதியால் ஆட்டத்தின் இயல்பே மாறிவிட்டது. முதலில் முடிப்பது இனி தானாகவே ஆதாயம் ஆகாது. நீண்ட சங்கிலி ஒன்று படிப்படியாக மறைந்து முடிய நேரம் எடுக்கும். அது முடியும் வரை தடைப் புயோக்கள் விழுவதில்லை. அந்த இடைவெளியில் எதிராளி தன் சங்கிலியில் மேலும் ஒரு படி சேர்த்துக்கொள்ளலாம். ஆகவே பொறுத்திருப்பவருக்கு நன்மை உண்டு. ஆனால் அளவின்றிப் பொறுத்திருக்கவும் முடியாது. களம் நிரம்பிக்கொண்டே வருகின்றது. மேலும், இரண்டு படிச் சிறு சங்கிலியால் ஐந்து தடைப் புயோக்களை அனுப்பி, எதிராளியின் பெருஞ்சங்கிலியைத் தொடங்கி வைக்கும் இடத்தை மூடிவிடவும் இயலும். மூன்று அல்லது நான்கு படித் தாக்குதலைத் திடீரெனத் தொடுத்து, எதிராளி தன் பெருஞ்சங்கிலியை முன்கூட்டியே செலவழிக்குமாறு நெருக்குவதும் உண்டு. ஜப்பானிய ஆட்டக்காரர்கள் இதனைக் கடனைத் திருப்பித் தருமாறு நெருக்குவதற்கு வழங்கும் சொல்லாலேயே குறிக்கின்றனர்; பொருத்தமான சொல்தான்.

இருவருக்கும் ஒரே வரிசையில் ஒரே நிற இணைகள் தரப்படுவதையும் இங்கு கவனிக்க வேண்டும். ஐந்து நிறங்களுள் நான்கு மட்டுமே ஓர் ஆட்டத்தில் வரும். வந்தவை இருவருக்கும் ஒன்றே என்பதால், தோற்றவர் நற்பேற்றின் மீது பழிபோட அதிகம் இடமில்லை. தேர்ந்தவர்கள் தம் களத்தைப் போலவே எதிராளியின் களத்தையும் இடைவிடாது பார்த்து, அங்கு எத்தனை படிகள் ஆயத்தமாக உள்ளன என எண்ணிக்கொண்டே ஆடுவர். புதியவர்களுக்கு மிகக் கடினமானது இதுவே.

வரலாறு

கம்பைல் நிறுவனத்தை நிறுவியவர் மசமித்சு நீத்தானி. சானாக், அலெசுட்டே ஆகிய சுடும் ஆட்டங்களால் அந்நிறுவனம் முன்னரே அறியப்பட்டிருந்தது. முதல் புயோ புயோவை வடிவமைத்தவர் கசுனாரி யோனெமித்சு. கம்பைலின் மடோ மொனோகத்தாரி என்னும் கதையாட்டத்தில் வந்த ஒரு சிறு கொழகொழ உயிரியே இங்கு உருண்டையாயிற்று. அக்கதையின் நாயகி ஆர்ல் நாஜா என்னும் மாயவித்தை கற்கும் சிறுமியும், அவளுடன் வரும் கார்பன்கிள் என்னும் மஞ்சள் நிற உயிரியும் இத்தொடரின் முகங்களாயினர். சங்கிலி நீள நீள ஆர்ல் ஒவ்வொரு மந்திரமாக உச்சரிப்பாள். திரையைப் பார்க்காமலேயே எத்தனையாவது படி என்று செவியால் அறியலாம்.

முதல் வெளியீடு எம்.எசு.எக்சு2 வீட்டுக் கணினிக்கும் நின்டெண்டோவின் ஃபேமிகாம் வட்டுக் கருவிக்கும் ஆனது. 1991 இல் வெளிவந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 ஆட்டத்தால், கூடங்களில் முன்பின் அறியாத இருவர் மோதிக்கொள்ளும் வழக்கம் அப்போது வேரூன்றியிருந்தது. அச்சூழலில் வந்த கூடப் பதிப்பு, புதிர் ஆட்டத்தையும் அவ்வாறே ஆடலாம் என்று காட்டியது. மேலை நாடுகளில் இது தன் பெயரிலும் உருவிலும் செல்லவில்லை. 1993 இல் மெகா டிரைவ் கருவிக்கு டாக்டர் ரொபோட்னிக்சு மீன் பீன் மெஷின் என்ற பெயரில், சோனிக் கேலிப்படத் தொடரின் பாத்திரங்களுடன் வெளிவந்தது. 1995 இல் சூப்பர் நின்டெண்டோ கருவிக்குக் கிர்பியின் பெயரில் வெளிவந்தது. எனவே ஒரே ஆட்டத்தை மூன்று வெவ்வேறு ஆட்டங்களாக எண்ணி வளர்ந்தவர்கள் அங்கு பலர்.

கம்பைலின் வளர்ச்சி நிலைக்கவில்லை. புயோ புயோவின் வருவாயை நம்பி நிறுவனம் தன் அளவுக்கு மீறி விரிந்தது. தன் கதைமாந்தரைக் கொண்டு பொழுதுபோக்குப் பூங்கா ஒன்று கட்டும் திட்டமும் இருந்தது. 1998 இல் கடன்களைத் தீர்க்க இயலாமல் நீதிமன்றப் பாதுகாப்பை நாடியது. அவ்வாண்டே புயோ புயோவின் உரிமை சேகாவுக்குச் சென்றது. உருவாக்கிய நிறுவனத்திடமிருந்து ஆட்டம் கைமாறிப்போனது. கம்பைல் 2003 இல் முற்றிலும் மறைந்தது. அதே ஆண்டில் சேகாவின் சோனிக் குழு புயோ புயோ ஃபீவர் ஆட்டத்தை வெளியிட்டது. 2014 இல் டெட்ரிசையும் இதனையும் ஒரே திரையில் மோதவிட்ட புயோ புயோ டெட்ரிசு ஜப்பானில் வெளிவந்தது. 2017 இல் மேலை நாடுகளுக்கும் சென்றது. 2018 இல் ஜப்பானிய மின்விளையாட்டு ஒன்றியம் தொழில்முறை உரிமம் வழங்கும் ஆட்டங்களுள் இதுவும் ஒன்றாயிற்று. அவ்வாண்டே போட்டிகளுக்கென்று குறைந்த விலைப் பதிப்பு ஒன்றும் வெளியிடப்பட்டது. இத்தனைக்குப் பிறகும், அப்போட்டிகளில் ஆடப்படும் முதன்மை விதிமுறை 1994 ஆம் ஆண்டின் த்சூ விதிமுறையே என்பது குறிப்பிடத்தக்கது.

நிறம் பிரித்தறிதல்

சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம், ஊதா என நிறத்தையே அடிப்படையாகக் கொண்ட ஆட்டத்தில், நிறங்களைப் பிரித்தறிவதில் குறைபாடு உள்ளவர்களுக்கு இடர் உண்டு. ஜப்பானில் ஏறத்தாழ இருபது ஆண்களில் ஒருவருக்குச் சிவப்பு, பச்சை சார்ந்த குறைபாடு உள்ளது. ஒவ்வொரு நிறப் புயோவுக்கும் கண்ணும் தோற்றமும் சற்று வேறுபடுமெனினும், விரைந்து விழும்போது அவ்வேறுபாடு போதுமானதன்று. பிற்காலப் பதிப்புகளில் நிறங்களை அவரவர் கண்ணுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளும் வசதி சேர்க்கப்பட்டது. இது போட்டியின் நேர்மை சார்ந்தது என்பதால், தொடக்கத்திலேயே செய்திருக்க வேண்டிய ஒன்று எனலாம்.

கணிமை நோக்கில்

நிரல் எழுதப் பழகும் மாணவர்களுக்கு இவ்வாட்டம் நல்ல பயிற்சி. ஒரு புயோவிலிருந்து தொடங்கி, அதன் நான்கு பக்கங்களிலும் அதே நிறம் உள்ளதா எனப் பார்த்து, இருப்பின் அங்கிருந்தும் அவ்வாறே தேட வேண்டும். ஏற்கெனவே பார்த்த இடங்களைக் குறித்துவைத்துக்கொண்டால், தன்னைத்தானே அழைக்கும் சிறு செயற்கூறு ஒன்றே போதும். எண்ணிக்கை நான்கை எட்டினால் அழித்து, மேலுள்ளவற்றை இறக்கி, மீண்டும் தேட வேண்டும். அழிக்க எதுவும் இல்லாதபோது சங்கிலி முடிந்தது.

விதியைச் சரிபார்ப்பது இத்தனை எளிது, திட்டமிடுவதோ அவ்வாறன்று. களத்தின் அளவுக்கு வரம்பில்லை எனவும், வரப்போகும் இணைகள் யாவும் முன்கூட்டியே தெரியும் எனவும் கொண்டாலும், குறிப்பிட்ட நீளமுள்ள சங்கிலியை அமைக்க முடியுமா என முடிவு செய்வது என்.பி. முழுமை வகையைச் சேர்ந்த சிக்கல் என 2005 இல் ஜப்பானில் நிறுவப்பட்டது. அதாவது, எல்லா நிலைகளிலும் விரைவாக விடை தரும் வழிமுறை எதுவும் இதற்கு அறியப்படவில்லை.

ஜப்பானியத் தொடக்கப் பள்ளிகளில் நிரலாக்கக் கல்வி கட்டாயமாக்கப்பட்ட 2020 ஆம் ஆண்டில், சேகா நிறுவனம் புயோ புயோவின் எளிய வடிவம் ஒன்றை ஜாவாசுகிரிப்டு மொழியில் எழுதி, அதன் மூல நிரலைக் கற்றலுக்கென வெளியிட்டது. மாணவர்கள் அந்நிரலைப் பார்த்து வரிவரியாகத் தட்டச்சு செய்து, உலாவியில் ஓடவிட்டு, புயோக்களின் நிறத்தையும் விழும் வேகத்தையும் தாமே மாற்றிப் பார்க்கலாம்.