உப்புக் காற்றில் நீச்சல் குளத் தளம்: பொரியாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

காயல்பட்டினம் என்றதும் வானிலை ஆர்வலர்களுக்கு இப்போது ஓர் எண் நினைவுக்கு வரும்: 95. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் அந்த ஊரில் 95 செ.மீ. மழை கொட்டியது. தூத்துக்குடி மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுக்கப் பெய்யும் சராசரி மழையைவிட இது அதிகம். 40 சதுர மீட்டர் அளவுள்ள ஒரு சிமென்ட் தளத்தின் மேல் மட்டும் அன்று விழுந்த தண்ணீர் 38,000 லிட்டர். மூன்று டேங்கர் லாரிக்கு மேல்.

ஆனால், நல்ல காங்கிரீட்டை மழை ஒன்றும் செய்துவிடாது. கடலோரத் தளங்களைத் தின்பது ஆண்டின் எல்லா நாளும் காற்றில் வரும் உப்புதான். சென்னையிலோ ஹாங்காங்கிலோ வேலை பார்த்துக்கொண்டு, விடுமுறைக்கு ஊருக்கு வரும் பிள்ளைகளுக்காகத் தோட்டத்தில் சின்னதாய் ஒரு நீச்சல் குளம் கட்டலாம் என்று யோசிப்பவர்கள் குளத்தின் டைல்ஸ், மோட்டார், விளக்கு எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். குளத்தைச் சுற்றிக் கால் வைத்து நடக்கிற தளத்தை மட்டும் “கொத்தனார் பாத்துக்குவார்” என்று விட்டுவிடுவார்கள். சில ஆண்டுகளில் முதலில் வெடிப்பது அதுதான். குளம் இல்லாமல் முற்றத்தில் வெறும் தளம் போடுபவர்களுக்கும் இதே கதைதான்.

கம்பியும் உப்பும்

காங்கிரீட்டுக்குக் காரத்தன்மை அதிகம். அந்தக் காரத்தில் இரும்புக் கம்பியின் மேல் மெல்லிய காப்புப் படலம் ஒன்று உருவாகி, துருப்பிடிக்காமல் காக்கிறது. உப்பில் இருக்கும் குளோரைடு நுண்துளைகள் வழியே உள்ளே இறங்கி அந்தப் படலத்தை உடைத்துவிடும். துரு, தான் பிறந்த இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். உள்ளேயிருந்து நெட்டும்போது மேலே இருக்கும் காங்கிரீட் உப்பி, பொரிந்து, பாளம் பாளமாகப் பெயர்ந்து வருகிறது.

பெரிய அளவில் இதற்கு உதாரணம் பாம்பன். 1914-ல் திறந்த பழைய ரயில் பாலம் துருவோடு போராடியே நூறாண்டைக் கடந்தது. 2022 டிசம்பரில் அதில் ரயில்கள் நின்றன. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தின் காங்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளைப் போட்டிருக்கிறார்கள். காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் (சிக்ரி) கம்பிகளின் மேல் பூசும் சிமென்ட்-பாலிமர் பூச்சு ஒன்றை உருவாக்கியிருக்கிறது. தூத்துக்குடியிலேயே அதற்குக் கடல்சார் ஆய்வு மையம் ஒன்றும் உண்டு.

வீட்டுத் தளத்துக்கு இவ்வளவு தேவையா? பெரும்பாலும் தேவையில்லை. நன்றாகக் கெட்டிப்படுத்திய மண்ணின் மேல் நேரடியாக உட்காரும் 10 செ.மீ. நடைத்தளத்துக்குக் கம்பியே கட்டாயம் இல்லை. இல்லாத கம்பி துருப்பிடிக்காது. வெடிப்பைக் குறைக்கக் கலவையில் பாலிப்ரொப்பிலீன் இழை சேர்க்கலாம். “கம்பி போட்டாத்தான் ஸ்ட்ராங்கு” என்று வற்புறுத்திக் கம்பி வலையைத் தரையில் விரித்து, அதன் மேலேயே நடந்து கலவை கொட்டுவதுதான் இருப்பதிலேயே மோசமான வழி. கம்பி அடியில் போய் மண்ணை ஒட்டிக் கிடக்கும். கீழிருந்து ஏறும் ஓதமே அதைத் தின்றுவிடும்.

மோட்டார் அறைக்கோ தொட்டிக்கோ மேலே வரும் தளம் வேறு கதை. அங்கே கம்பி வேண்டும். கடலோரச் சூழலை இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456 ‘கடுமை’ வகையில் வைக்கிறது. அதற்குக் குறைந்தது எம்-30 தரக் காங்கிரீட், கம்பியைச் சுற்றி 45 மி.மீ. மூடாக்கு. கடல் நீர்த் தெறிப்பு நேரடியாகப் படும் இடமென்றால் எம்-35, 50 மி.மீ. இந்த மூடாக்கைக் காப்பது கவர் பிளாக் என்ற சின்னக் கட்டைதான். அதற்குப் பதிலாக ஜல்லிக் கல்லை முட்டுக் கொடுப்பதை அனுமதிக்கவே கூடாது.

எந்தத் தண்ணீர், எவ்வளவு தண்ணீர்?

கலவைத் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது அதே விதி. கம்பி இல்லாத காங்கிரீட்டுக்கு 2,000 வரை போகலாம். கடல் நீரில் அது சுமார் 19,000. கடற்கரை ஊரின் போர் தண்ணீர் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்கிறது என்பது தெருவுக்குத் தெரு மாறும். ஒரே கிணற்றில் பங்குனிக்கும் கார்த்திகைக்கும் மாறும். நாக்கில் வைத்துப் பார்த்து முடிவுசெய்ய முடியாது. டி.டி.எஸ். மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் ஒரு பாட்டில் கொடுத்து ‘குளோரைடு எவ்வளவு?’ என்று குறிப்பாகக் கேட்க வேண்டும். கடற்கரை மணலைக் கலவைக்கு எடுப்பதும் உப்பை நேராக மூட்டை கட்டி உள்ளே வைப்பதுதான்.

நல்ல தண்ணீருக்கு எங்கே போவது என்பவர்கள் ஒரு கணக்குப் போடலாம். 40 சதுர மீட்டர், 10 செ.மீ. கனம் என்றால் 4 கன மீட்டர் காங்கிரீட். ஒரு கன மீட்டருக்கு 350 கிலோ சிமென்ட் என்று வைத்தால், கலக்கத் தேவைப்படும் தண்ணீர் மொத்தம் 630 லிட்டர்தான். மொட்டை மாடியில் இருக்கும் ஆயிரம் லிட்டர் தொட்டி கூட முழுக்கக் காலியாகாது.

அதைவிடப் பெரிய வில்லங்கம் அளவு. விதிப்படி கடுமையான சூழலில் கம்பி போட்ட காங்கிரீட்டுக்குச் சிமென்ட் எடையில் 0.45 பங்குக்கு மேல் தண்ணீர் கூடாது. 50 கிலோ மூட்டைக்கு 22.5 லிட்டர்; ஏறக்குறைய ஒன்றரைக் குடம். மணல் ஈரமாக இருந்தால் அதிலும் கழித்துக்கொள்ள வேண்டும். சைட்டில் நடப்பதோ வேறு. பத்து மணி வெயிலில் கலவை இறுக ஆரம்பித்ததும், “எலே, இன்னொரு வாளி தண்ணி ஊத்துலே, கரண்டிக்கு வர மாட்டேங்கு” என்று குரல் வரும். அந்த ஒரு வாளி பின்னால் ஆவியாகும்போது விட்டுப்போகும் நுண்துளைகள்தான் உப்புக்கு வாசல். கலவை இலகுவாக ஓட வேண்டுமென்றால் பிளாஸ்டிசைசர் சேர்க்கலாம். வேலையை விடியற்காலையில் ஆரம்பிக்கலாம். ஜல்லியை நிழலில் வைக்கலாம். வாளியை மட்டும் தள்ளி வைக்க வேண்டும்.

சிமென்ட்டில் சாம்பல் கலந்த பி.பி.சி. வகை இங்கே நல்ல தேர்வு. அனல் மின் நிலையச் சாம்பல் கலந்தது என்பதால் சிலர் அதைத் தரம் குறைந்ததாக நினைக்கிறார்கள். உண்மையில் அந்தச் சாம்பல் நாளாக நாளாகத் துளைகளை அடைத்து, குளோரைடு உள்ளே நுழைவதை மெதுவாக்கும். ஒரே நிபந்தனை, அதற்கு ஈரம் அதிக நாள் வேண்டும்.

கடல் காற்று நனைக்குமா?

“காக்கா, கடக்காத்துக்குத் தளம் காயவே காயாது, இதுக்குப் போயி தண்ணி எதுக்கு?” என்று சொல்லும் கொத்தனார்கள் உண்டு. பாதி சரி. உடம்பில் வியர்வை காயாத ஊர்தான். ஆனால் வைகாசி முதல் ஆடி வரை மேற்கேயிருந்து வீசும் மேல்காற்று மலையைத் தாண்டி, காய்ந்த நிலத்தின் மேல் ஓடி வருகிறது. பகலில் அதில் ஈரம் குறைவு, வேகம் அதிகம். புதுத் தளத்திலிருந்து சதுர மீட்டருக்கு மணிக்கு ஒரு கிலோவுக்கு மேல் நீர் ஆவியானாலே மேலே கோழிக்கால் கீறல்போல வெடிப்புகள் விழும் என்பது பொறியாளர்கள் வைத்திருக்கும் பொதுவான அளவு. அந்த வெடிப்புகள் முதல் சில மணி நேரத்திலேயே விழுந்துவிடும்; மறுநாள் ஊற்றும் தண்ணீரால் அவை மூடாது. அதனால் காற்றுப் பக்கம் தார்ப்பாய் கட்ட வேண்டும். மட்டப்பலகை இழுத்து முடித்த பகுதியைப் பாலிதீன் தாளால் உடனே மூட வேண்டும்.

பிறகு நனைத்தல். வெப்பமான, காய்ந்த காலத்தில் குறைந்தது 10 நாள், பி.பி.சி. என்றால் 14 நாள். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை ஹோஸ் பைப்பைக் காட்டுவது நனைத்தல் ஆகாது. பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும், அல்லது ஈரச் சாக்கு விரித்து அதன் மேல் பாலிதீன் போட வேண்டும். இதற்கும் உப்புத் தண்ணீர் கூடாது.

மேற்பரப்பில் கசிவு நீர் நிற்கும்போதே காய்ந்த சிமென்ட்டைத் தூவி, தேய்த்துப் பளபளப்பாக்கும் பழக்கம் ஒன்று உண்டு. நீச்சல் குளத்துக்கு அது இரட்டைக் கெடுதல்: அந்தத் தோல் உரிந்து வரும், ஈரக் கால் வழுக்கும். கசிவு நீர் போன பிறகு, துடைப்பத்தை ஒரே திசையில் இழுத்து வரி போட்டால் போதும். நிறமும் வெளிர் சாம்பலாகவே இருக்கட்டும். கறுப்புக் கடப்பா பதித்தவர்கள் நண்பகலில் செருப்பில்லாமல் நடந்து பார்க்கலாம்.

குளமும் தளமும் ஒட்டக் கூடாது

குளத்தின் தொட்டி ஆழத்தில் உட்கார்ந்திருக்கிறது. தளமோ தோண்டிய பள்ளத்தில் திரும்ப நிரப்பிய மண்ணின் மேல். இரண்டும் ஒரே மாதிரி அசையாது. அதனால் நடுவில் 10, 12 மி.மீ. இடைவெளி விட்டு, அடி வரை நுரைப் பட்டை வைத்து, மேலே சீலன்ட் அடைக்க வேண்டும். நிரப்பு மண்ணை 15 முதல் 20 செ.மீ. அடுக்குகளாகப் போட்டு இயந்திரத்தால் கெட்டிப்படுத்த வேண்டும். 2023 டிசம்பர் போல ஒரு மழை வந்தால், சும்மா கொட்டிய மணல் அடியில் கரைந்து இறங்கும். மேலே தளம் அந்தரத்தில் நிற்கும். தளத்தை 2.5 முதல் 3 மீட்டருக்கு ஒரு வெட்டு போட்டுப் பிரிப்பதும், குளத்துக்கு எதிர்ப்பக்கமாக மீட்டருக்கு 2 செ.மீ. வாட்டம் கொடுப்பதும் எல்லாருக்கும் தெரிந்த வேலைதான். வெட்டு கனத்தில் கால் பங்கு ஆழம் இருக்க வேண்டும், மறுநாள் காலைக்குள் போட்டுவிட வேண்டும் என்பதுதான் மறந்துபோகும்.

உப்பில் இயங்கும் குளோரினேட்டர் வைத்த குளமென்றால் கவனம் இன்னும் கூடுதல். அந்தத் தண்ணீரில் லிட்டருக்கு 3,000 முதல் 4,000 மில்லிகிராம் உப்பு இருக்கும். பிள்ளைகள் குதிக்கும் ஒவ்வொரு தடவையும் அது தளத்தில் தெறித்துக் காயும். குளித்து முடித்ததும் நல்ல தண்ணீரால் ஒரு தடவை கழுவிவிட வேண்டும்.

வெளியூரிலிருந்து வாட்ஸ்அப்பில் வேலையைப் பார்ப்பவர்களுக்கு, முடிந்த தளத்தின் அழகான படத்தால் பயன் இல்லை. கலவை கொட்டும் முன் கவர் பிளாக், கலக்கும் இடத்தில் தண்ணீர் அளக்கும் வாளி, ஐந்தாம் நாள் மதியம் இரண்டு மணிக்குச் சாக்கின் ஈரம் ஆகிய மூன்றையும் படமெடுத்து அனுப்பச் சொல்லலாம். அதன் பிறகு ஆண்டுக்கு ஒரு தடவை, ஐப்பசி மழைக்கு முன், சுத்தியலால் லேசாகத் தட்டிப் பார்க்க வேண்டும். ‘டங்’ என்றால் சரி. ‘டொக்கு’ என்று உள்ளே காற்று இருப்பதுபோல் கேட்டால், மேலே சிமென்ட் பூசி மறைக்காமல் அந்த இடத்தை உடைத்தெடுத்து, கம்பியில் துரு இருந்தால் சுரண்டி, புதிதாகப் போட வேண்டும்.