மாவீரனை வீழ்த்தியது பனியா, பசியா?

அகலக்கால் வைத்து முதலை இழந்தவர்களை நம் கடைத்தெருவிலேயே பார்த்திருக்கிறோம். ஐரோப்பாவையே நடுங்க வைத்த நெப்போலியன் 1812-ல் ரஷ்யா மீது படையெடுத்துத் தோற்ற கதையும் அப்படிப்பட்டதுதான். ரஷ்யக் குளிர்தான் அவரை வீழ்த்தியது என்று பலரும் சொல்வார்கள். கணக்கைப் பிரித்துப் பார்த்தால் வேறு விஷயம் தெரியவரும்.

பிரெஞ்சுப் பொறியாளர் மினார் 1869-ல் வரைந்த படத்தின்படி, ஜூன் மாதம் நீமன் ஆற்றைக் கடந்தவர்கள் 4,22,000 பேர். செப்டம்பர் 14-ல் மாஸ்கோவை எட்டியபோது எஞ்சியவர்கள் சுமார் 1,00,000 பேர். வழிக்காவலுக்கும் வேறு முனைகளுக்கும் பிரிந்து சென்றவர்கள் போக, மற்றவர்கள் பசியிலும் நோயிலும் போரிலும் கரைந்துபோனார்கள். அப்போது பனிக்காலம் தொடங்கவே இல்லை!

நெப்போலியன் உணவை மறந்து புறப்பட்டவர் அல்ல. டான்சிக் துறைமுகத்தில் பெருங்கிடங்குகளை நிரப்பி வைத்தார். படையுடன் 24 நாள் உணவுக்கு ஏற்பாடு செய்தார். எல்லைக்கு அருகிலேயே ஒரு பெரும்போர், உடனே சமாதானம் என்பது அவர் போட்ட கணக்கு. ரஷ்யர்களோ போருக்கு நிற்காமல், தானியத்தை எரித்துவிட்டுப் பின்வாங்கிக்கொண்டே போனார்கள்.

பாரவண்டிகள் மழைச்சேற்றில் புதைந்தன. வழியில் பச்சைத் தானியப் பயிரை மேய்ந்த குதிரைகள் ஆயிரக்கணக்கில் மாண்டன. மாவு பின்னால் கிடக்க, பசித்தவர்கள் முன்னால் போய்விட்டார்கள். கிடங்கில் சரக்கு நிறைய இருந்தும் கடைக்கு வந்து சேராத நிலை!

மாஸ்கோ தீயில் எரிந்தது. சக்கரவர்த்தி அலெக்சாண்டரிடமிருந்து சமாதானக் கடிதம் வருமென்று நெப்போலியன் 35 நாட்கள் காத்திருந்தார். வராத கடனை நம்பிக் கடை நடத்தியது போலாயிற்று. கடிதம் வரவேயில்லை.

அக்டோபர் 19-ல் திரும்பினார். தெற்கே கலூகா வழியாகப் போயிருந்தால் உணவு கிடைத்திருக்கும். மலோயரோஸ்லாவெட்ஸில் ரஷ்யர்கள் மறித்ததால், ஏற்கெனவே சூறையாடிய பழைய பாதையிலேயே திரும்ப நேர்ந்தது. ஸ்மோலென்ஸ்க் கிடங்கில் உணவு இருந்தது. ஆனால் ஒழுங்காகப் பங்கிட ஆளில்லை. முன்னால் வந்தவர்கள் அள்ளிக்கொண்டார்கள். பின்னால் வந்தவர்களுக்கு ஒன்றுமில்லை. நவம்பர் இறுதியில் பெரசினா ஆற்றைக் கடக்கையில் மேலும் பல்லாயிரம் பேர் மாண்டனர். மினார் கணக்குப்படி நீமனுக்குத் திரும்பியவர்கள் வெறும் 10,000 பேர்.

பனி கொடுமை செய்தது உண்மைதான். ஆனால் முதலில் பெரும்பகுதி கோடையிலேயே கரைந்துவிட்டது. நெப்போலியன் வைத்திருந்தது வெற்றிக்கான கணக்கு மட்டுமே. நினைத்தது தாமதமானால் எத்தனை நாள் தாங்கும், எந்த வழியாகத் திரும்புவது என்ற கணக்கு அவரிடம் இல்லை. புதிய கிளை திறக்க நினைக்கும் வணிக அன்பர்கள் அந்த இரண்டு கணக்கையும் முதலில் எழுதிப் பார்ப்பது நல்லது.