போன் உடைஞ்சிடுச்சா? சர்வீஸா, புது போனா... கடைக்குப் போகும் முன் இதைத் தெரிஞ்சுக்கோங்க!

பைக்கில் போகும்போது மேல் பாக்கெட்டில் இருந்து நழுவியது, பாத்ரூம் பக்கெட்டில் விழுந்தது, ராத்திரி சார்ஜ் போட்டு காலையில் எடுத்தால் ஆன் ஆகவே இல்லை... காரணம் எதுவானாலும் அடுத்த பத்து நிமிடத்தில் எல்லோருக்கும் வரும் கேள்வி ஒன்றுதான். சரி பண்ணலாமா, புதுசு வாங்கிடலாமா?

அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. உங்களுக்கு வேண்டியது போனா, அல்லது அதற்குள் இருக்கும் போட்டோ, வாட்ஸ்அப் சாட், கடைக் கணக்கு, கான்டாக்ட்ஸா? இதற்கு வேறு வேறு பதில், அதற்கேற்ப வேறு வேறு ரிப்பேர். இது தெரியாமல் கடையில் கொடுத்துவிட்டு, போன் திரும்ப வந்த பிறகு "அண்ணா, போட்டோ எல்லாம் எங்க?" என்று கேட்பவர்கள்தான் அதிகம்.

முதலில் சிம்மை கழட்டுங்க

போன் போனால் ஓடிபி வராது, ஜிபே வேலை செய்யாது. டெலிவரி வேலையில் இருப்பவர், ஆட்டோ ஓட்டுபவர் என்றால் அன்றைய வருமானமே போச்சு. இந்தப் பதற்றத்தில்தான் முதலில் கண்ணில் பட்ட கடையில் கொடுப்பதும், இஎம்ஐ-யில் புது போன் எடுப்பதும் நடக்கிறது.

சிம்மை கழட்டி வீட்டில் இருக்கும் பழைய போன் ஏதாவது ஒன்றில் போடுங்கள். கால், ஓடிபி இரண்டும் உடனே வந்துவிடும். யுபிஐ ஆப்பையும் அதிலேயே புதிதாக ரெஜிஸ்டர் செய்யலாம். போன் மாறியதால் முதல் 24 மணி நேரத்துக்கு அனுப்பும் தொகைக்கு வரம்பு குறைவாக இருக்கும், பயப்பட வேண்டாம். இப்படிச் செய்துவிட்டால் யோசித்து முடிவெடுக்க ரெண்டு மூணு நாள் கிடைக்கும். சிம் இல்லாத போனைக் கடையில் கொடுப்பது பாதுகாப்பும் கூட. இ-சிம் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இது அவ்வளவு சுலபம் இல்லை. அவர்கள் சிம் நிறுவனத்தின் ஷோரூமுக்குப் போக வேண்டியிருக்கும்.

தண்ணியில விழுந்துச்சா? அரிசியை விட்டுடுங்க

ஈரமான போனை அரிசி மூட்டையில் புதைத்து வைக்கும் பழக்கம் தமிழ்நாட்டில் மட்டுமல்ல, உலகம் முழுக்க இருக்கிறது. 'ஐபோனை அரிசிப் பைக்குள் போடாதீர்கள், அரிசித் துகள்கள் போனைப் பாதிக்கலாம்' என்று ஆப்பிள் நிறுவனமே தன் உதவிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது. ஹேர் டிரையர், வெயில், அடுப்பு பக்கம் வைப்பது என எந்தச் சூடும் வேண்டாம்.

உண்மையில் போனைக் கொல்வது தண்ணீர் மட்டும் இல்லை. தண்ணீரும் கரண்ட்டும் சேர்வதுதான். உள்ளே ஈரம் இருக்கும்போது பேட்டரியில் இருந்து மின்சாரம் பாய்ந்தால், போர்டில் இருக்கும் மெல்லிய செம்பு இணைப்புகள் அரிக்க ஆரம்பிக்கும். பழைய செம்புப் பாத்திரத்தில் பச்சையாகக் களிம்பு பிடிக்குமே, கிட்டத்தட்ட அதேதான். கடல் தண்ணீர் என்றால் உப்பு சேர்வதால் வேகம் இன்னும் அதிகம். அதனால் உடனே ஆஃப் செய்யுங்கள். "ஆன் ஆகுதா பார்ப்போம்" என்று பட்டனை அழுத்தாதீர்கள், சார்ஜ் போடவே போடாதீர்கள். சிம் டிரேயை வெளியே எடுத்து, சார்ஜிங் ஓட்டை கீழே பார்க்கும்படி லேசாகத் தட்டி, காற்று வரும் இடத்தில் வையுங்கள். உள்ளே வரை தண்ணீர் போயிருக்கும் என்று தோன்றினால் காயும் வரை காத்திருப்பதை விட, அன்றைக்கே பிரித்து போர்டை சுத்தம் செய்யும் டெக்னீஷியனிடம் கொண்டு போவது நல்லது. பத்து நாள் கழித்துப் போனால் களிம்பு தன் வேலையை முடித்திருக்கும்.

"என் போன் ஐபி68 ஆச்சே" என்கிறீர்களா? அது ஆய்வகத்தில், அசையாத நல்ல தண்ணீரில், புது போனை வைத்து எடுத்த சோதனை. போன் பழசாக ஆக உள்ளே இருக்கும் ரப்பரும் பசையும் தளரும். ஒருமுறை கீழே விழுந்திருந்தாலோ, பிரித்து மூடியிருந்தாலோ அந்த ரேட்டிங்கை நம்ப முடியாது. ஐபி68 என்று விளம்பரம் செய்யும் நிறுவனங்களே தண்ணீர் சேதத்துக்குப் பொதுவாக வாரண்டி தருவதில்லை. உள்ளே ஈரம் பட்டால் சிவப்பாக மாறும் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். சர்வீஸ் சென்டரில் முதலில் பார்ப்பதே அதைத்தான். அதனால் "தண்ணி படவே இல்ல சார்" என்று சொல்லிப் பயன் இல்லை.

பின்பக்கம் உப்பியிருந்தால் யோசிக்கவே வேண்டாம்

போனின் பின் மூடி லேசாகத் தூக்கியிருக்கிறதா, டிஸ்ப்ளே ஓரத்தில் இடைவெளி தெரிகிறதா? பேட்டரி உப்பியிருக்கிறது. இதில் செலவுக் கணக்கே பார்க்கக் கூடாது. சார்ஜ் போடாதீர்கள், அழுத்தி மூடப் பார்க்காதீர்கள், தலையணை பக்கத்தில் வைக்காதீர்கள். லித்தியம் பேட்டரி நசுங்கினாலோ துளை விழுந்தாலோ தீப்பிடிக்கும். பேட்டரி தீப்பிடித்த புகார்களால் சாம்சங் தன் புத்தம் புதிய கேலக்ஸி நோட் 7 மாடலையே 2016 அக்டோபரில் நிறுத்த வேண்டி வந்தது. அன்றைக்கே கொண்டு போய் பேட்டரியை மாற்றுங்கள். கூரியரில் அனுப்ப வேண்டாம்.

டிஸ்ப்ளே போனால் எவ்வளவு ஆகும்?

இங்கேதான் காசு போகும், ஏமாற்றமும் நடக்கும். மேல் கண்ணாடி மட்டும் விரிசல் விட்டு, படமும் டச்சும் நன்றாக இருந்தால் அவசரமே இல்லை. ஒரு டெம்பர்டு கிளாஸ் ஒட்டிக்கொண்டு சில மாதம் ஓட்டலாம். கறுப்பு மை கொட்டியது போலத் திட்டு இருந்தால் அது நாளுக்கு நாள் பரவும். எதுவும் தொடாமலேயே போன் தானாக டைப் செய்தால், அதுதான் மோசம். தப்பு தப்பாக பின் நம்பரைப் போட்டு போனையே லாக் செய்துவிடும். அந்த நிலையில் முதல் வேலை பேக்கப்.

படம் தெரிகிறது, டச் மட்டும் இல்லை என்றால் ஒரு வழி இருக்கிறது. சின்ன ஓடிஜி கனெக்டர் வாங்கி, கம்ப்யூட்டர் மவுஸை போனில் சொருகுங்கள. பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் திரையில் அம்புக்குறி வரும். அதை வைத்தே லாக்கைத் திறந்து எல்லாவற்றையும் பேக்கப் எடுத்துவிடலாம்.

டிஸ்ப்ளேயின் குறுக்கே பச்சைக் கோடோ பிங்க் கோடோ வந்திருந்தால், கடைக்குப் போகும் முன் அந்த நிறுவனத்தின் கஸ்டமர் கேரில் கேளுங்கள். அமோலெட் திரைகளில் கீழே விழாமலேயே இது வருகிறது, சிலருக்கு சாஃப்ட்வேர் அப்டேட்டுக்குப் பிறகு வந்ததாகப் புகார்கள் உண்டு. இந்தப் பச்சைக் கோடு பிரச்னைக்கு இந்தியாவில் ஆயுட்கால ஸ்கிரீன் வாரண்டி தருவதாக ஒன்பிளஸ் 2024-ல் அறிவித்தது. வாரண்டி முடிந்த போனுக்குக் கூட இலவசமாக மாற்றித் தரும் திட்டம் இருக்கலாம். அதே சமயம் வெளியில் ஒருமுறை பிரித்த போன் என்றால் இந்தச் சலுகை கிடைப்பது கஷ்டம்.

சர்வீஸ் சென்டரா, ரிச்சி ஸ்ட்ரீட்டா?

வாரண்டி இருக்கிறது, அல்லது போன் வாங்கும்போது டேமேஜ் இன்ஷூரன்ஸ் போட்டிருக்கிறீர்கள் என்றால் வேறு பேச்சே இல்லை, அதிகாரப்பூர்வ சர்வீஸ் சென்டர்தான். இன்ஷூரன்ஸ் எடுத்ததையே மறந்துவிடுகிறவர்கள் உண்டு, பழைய பில்லை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

வாரண்டி முடிந்த போனுக்கு சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடங்களில் செலவு குறையும் என்பது உண்மை. அங்கே கை தேர்ந்த டெக்னீஷியன்கள் இருக்கிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் என்ன பார்ட் போடுகிறார்கள் என்று கேட்க வேண்டும். அமோலெட் இருந்த போனில் விலை குறைந்த எல்சிடி டிஸ்ப்ளே போட்டால் படம் வரும், ஆனால் நிறம் மங்கும், பேட்டரி சீக்கிரம் இறங்கும், திரைக்குள் இருக்கும் ஃபிங்கர்பிரின்ட் வேலை செய்யாது. "ஒரிஜினல்தான் சார்" என்பது போதாது. அமோலெட்டா, ஃபிங்கர்பிரின்ட் வேலை செய்யுமா, எத்தனை நாள் கேரண்டி, இந்த மூன்றையும் பில்லில் எழுதி வாங்குங்கள். ஐபோன் 11 முதல் டிஸ்ப்ளே மாற்றினால், அது நிறுவனத்தின் பார்ட்டா இல்லையா என்பதை செட்டிங்ஸே சொல்லிவிடும்.

போர்டு மாத்தினா போட்டோ போச்சு

இதைத்தான் யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. போன் ஆன் ஆகவே இல்லை என்று சர்வீஸ் சென்டருக்குப் போனால், பல நேரம் "போர்டு மாத்தணும்" என்பார்கள். போர்டில்தான் உங்கள் மெமரியும் இருக்கிறது. புது போர்டு வந்தால் போன் உயிர் பெறும், உள்ளே இருந்த எதுவும் திரும்பாது.

"அந்த மெமரி சிப்பை மட்டும் எடுத்து வேறு போனில் போட முடியாதா?" முடியாது. ஆண்ட்ராய்டு 10-உடன் வந்த போன்கள் தொடங்கி எல்லாவற்றிலும் டேட்டா என்கிரிப்ட் செய்யப்படுகிறது. பூட்டைத் திறக்கும் சாவி அதே போனின் பிராசஸருக்குள் இருக்கிறது. ஐபோனிலும் இதே கதைதான். ஆக, போட்டோ வேண்டும் என்றால் பழைய போர்டையே ஒரு மணி நேரமாவது உயிரோடு எழுப்ப வேண்டும். இது சிப் லெவல் வேலை. பெரும்பாலான சர்வீஸ் சென்டர்களில் இதைச் செய்ய மாட்டார்கள், மைக்ரோஸ்கோப் வைத்து போர்டு வேலை பார்க்கும் வெளிக் கடையில்தான் செய்வார்கள். வாரண்டி போகும். அது பரவாயில்லையா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். இறந்துபோன அப்பாவின் குரல் பதிவு அதில்தான் இருக்கிறது என்றால் வாரண்டி பெரிய விஷயமே இல்லை. எல்லாமே கூகுள் போட்டோஸில் பத்திரமாக இருந்தால் போர்டை தாராளமாக மாற்றலாம். போர்டு மாறினால் ஐஎம்இஐ நம்பரும் மாறும் என்பதால், புது நம்பரை ஜாப் ஷீட்டில் எழுதி வாங்குங்கள்.

சரி, கணக்கு போட்டுப் பார்ப்போம்

"பழைய போனின் விலையே 6,000, இதுக்கு 5,500 செலவா?" என்றுதான் பலரும் கணக்குப் போடுவார்கள். விற்கப் போகிறவருக்கு அது சரி. வைத்திருந்து பயன்படுத்தப் போகிறவர், மாதத்துக்கு எவ்வளவு என்று பார்க்க வேண்டும்.

உதாரணத்துக்கு, டிஸ்ப்ளே மாற்ற 5,500 ரூபாய், அதற்குப் பிறகு போன் 18 மாதம் ஓடும் என்றால் மாதம் சுமார் 305 ரூபாய். 18,000 ரூபாய்க்குப் புது போன் வாங்கி 4 வருடம் வைத்திருந்தால் மாதம் 375. இங்கே ரிப்பேர்தான் லாபம். அதே போனுக்கு பேட்டரியும் சேர்த்து 7,000 ஆகிறது என்றால் மாதம் 389, புதுசு வாங்குவதே மேல். ஆனால் கையில் மொத்தமாக 18,000 இல்லை, இஎம்ஐ வட்டியும் சேரும் என்றால் கணக்கு மறுபடி மாறும்.

அந்த 18 மாதம் உண்மையில் கிடைக்குமா என்பதை செட்டிங்ஸில் செக்யூரிட்டி அப்டேட் தேதியைப் பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும். கடைசி அப்டேட் ஒரு வருடத்துக்கு முன்பு வந்திருந்தால், பேங்க் ஆப் வைத்திருக்கும் போனில் பெரிய செலவு செய்வது வீண். போன் ஸ்லோ, சார்ஜ் நிற்கவில்லை என்பது மட்டும்தான் பிரச்னை என்றால் புது போன் தேவையே இல்லை, பேட்டரியை மாற்றினாலே போதும். சார்ஜ் ஏறவில்லையா? கடைக்குப் போகும் முன் வேறு கேபிள் போட்டுப் பாருங்கள். பாக்கெட் பஞ்சு ஓட்டையில் அடைத்திருப்பதும் சகஜம். போனை ஆஃப் செய்து மரக் குச்சியால் மெதுவாக எடுக்கலாம், சேஃப்டி பின் வேண்டாம்.

போனைக் கொடுக்கும்போது பாஸ்வேர்டு சொல்லலாமா?

டிஸ்ப்ளே, பேட்டரி மாற்ற லாக் நம்பர் தேவையே இல்லை. கேட்டால் "நான் வந்து திறந்து காட்டுறேன்" என்று சொல்லுங்கள். சாம்சங்கில் மெயின்டனன்ஸ் மோட், கூகுள் பிக்சலில் ரிப்பேர் மோட் என்று ஒரு வசதி இருக்கிறது. ஆன் செய்துவிட்டால் டெக்னீஷியனால் போனைச் சோதிக்க முடியும், உங்கள் போட்டோவையும் மெசேஜையும் பார்க்க முடியாது.

வாரண்டி இருந்தும் மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, பிரச்னை வந்த 2 வருடத்துக்குள் போட வேண்டும். ஆன்லைனிலேயே பதிவு செய்யலாம்.

ரிப்பேர் முடிந்து போனை வாங்கும்போது, பணம் கொடுப்பதற்கு முன் கவுன்ட்டரிலேயே நின்று பாருங்கள். சிம் போட்டு ஒரு கால், ஸ்பீக்கரில் ஒரு கால், முன் கேமரா, பின் கேமரா, ஃபிங்கர்பிரின்ட், சார்ஜர் சொருகினால் ஏறுகிறதா, காதில் வைத்தால் திரை அணைகிறதா. கழட்டிய பழைய பார்ட்டையும் கேட்டு வாங்கிக்கோங்க. பழைய பேட்டரியை மட்டும் வீட்டுக்குக் கொண்டு வராமல், இ-வேஸ்ட் எடுக்கும் சர்வீஸ் சென்டரிலேயே கொடுத்துடுங்க.