கரிசலில் கேட்ட குரல்கள் – 7: லட்ச ரூபாய்ச் சாரீரம்

சென்ற வாரம் காட்டுநாயக்கன்பட்டிச் சங்கரதாஸ் சுவாமிகளின் எழுத்தைப் பற்றிச் சொன்னேன். அந்த எழுத்துக்கு வாய்த்த மிகப் பெரிய குரல்களில் ஒன்றைப் பற்றி இந்த வாரம் சொல்ல வேண்டும்.

‘நந்தனார்’ படத்தில் நடிப்பதற்காகக் கொடுமுடி கே.பி.சுந்தராம்பாளுக்கு அசன்தாஸ் என்ற முதலாளி லட்ச ரூபாய் சன்மானம் கொடுத்தார் என்ற செய்தியை, பவுன் ஒன்று முப்பது ரூபாய்க்கும் குறைவாக விற்ற 1935ஆம் ஆண்டின் ஜனங்கள் எப்படிக் கேட்டிருப்பார்கள் என்பதை இன்று நாம் ஊகிப்பதே கடினம். மூவாயிரம் பவுனுக்கு மேற்பட்ட திரவியம் அது. இந்தியாவில் அதற்கு முன் எந்த நடிகரும் அத்தொகையை வாங்கியதில்லை என்று சினிமாச் சரித்திரம் எழுதியவர்கள் சொல்லுகிறார்கள். வந்தவரைத் தட்டிக் கழிப்பதற்காகவே அம்மையார் லட்சம் என்று கேட்டார், அவரும் சளைக்காமல் சரி என்று விட்டார் என்று ஒரு கதையும் உண்டு. கதை சுவையானதுதான், ஆனால் அதைக் கேட்டுச் சிரிப்பவர்கள், ஏதோ அதிர்ஷ்டத்தால் வந்த பணம் என்று எண்ணிவிடுகிறார்கள் என்பதே எனக்குள்ள குறை. அந்தக் குரலின் விலையைச் சினிமா நிர்ணயிக்கவில்லை. நாடகக் கொட்டகையின் மண்தரையில் உட்கார்ந்தவர்கள் அதை எப்போதோ நிர்ணயித்திருந்தார்கள்.

1908இல் காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில், பாலாம்பாள் என்ற ஏழைத் தாய்க்குப் பிறந்த பெண் அவர். ரயிலில் பாடிக் காசு வாங்கிய அந்தச் சிறுமியின் சாரீரத்தை, ரயில்வே உத்தியோகஸ்தரும் நாடகப் பித்தருமான எஃப்.ஜி.நடேசய்யர் கேட்டு வியந்து, வேலு நாயர் கம்பெனியில் சேர்த்துவிட்டார் என்பது வழங்கி வரும் வரலாறு. பாலபார்ட்டில் தொடங்கிய தொழில் அவரை இலங்கைக்கு அழைத்துச் சென்றது; அங்கேதான், அப்போது திருவிதாங்கூர் ராஜ்யத்தைச் சேர்ந்திருந்த செங்கோட்டையிலிருந்து வந்த எஸ்.ஜி.கிட்டப்பா, 1926இல் அவரோடு முதன்முதலாக மேடை ஏறினார். அந்த இளைஞருடைய சங்கீதத்துக்கு முன்னால் இந்தப் பெண் நிற்க முடியாது என்று எச்சரித்தவர்கள் உண்டு. நின்றார் என்பது மாத்திரமல்ல, அதற்குப் பிறகு ஒருவரை விட்டு மற்றவரை நினைக்கவே ஜனங்களுக்கு இயலாமற் போயிற்று.

இங்கே நம் கரிசல் பூமியின் கணக்கைச் சற்றே பார்க்க வேண்டும். புரட்டாசி, ஐப்பசியில் வானத்தை நம்பி விதைத்து, தை, மாசியில் கம்பும் சோளமும் களம் சேர்ந்து, பருத்தியும் எடுத்துக் கோவில்பட்டிக்கு வண்டி ஏற்றிய பிறகு, சம்சாரியின் கையில் நாலு காசு புழங்குகிற பங்குனி, சித்திரைதான் இங்கே திருவிழாக் காலம். கழுகுமலையில் பங்குனி உத்திரம், ஊருக்கு ஊர் அம்மன் கொடை, கொடைக்குக் கொடை நாடகம். மழை பொய்த்த வருஷத்தில் கொடையுமில்லை, நாடகமுமில்லை. அந்த நாடகங்களிலும் ‘வள்ளி திருமணம்’ என்றால் ஒரு தனி மவுசு. தினைப்புனத்தின் பரண்மீது ஏறி நின்று கவண் சுழற்றிக் குருவி விரட்டுகிற வள்ளி, தானும் கம்மங்காட்டில் தகரம் தட்டிக் குருவி விரட்டிய பெண்ணுக்கு எந்த விளக்கமும் இல்லாமல் புரிந்துவிடுகிற தெய்வம். அந்த வள்ளியாகச் சுந்தராம்பாளும், வேலனாகவும் வேடனாகவும் விருத்தனாகவும் கிட்டப்பாவும் வந்து, சுவாமிகளின் பாட்டிலும் தர்க்கத்திலும் ஒருவரையொருவர் மடக்கி வெள்ளி முளைக்கும் வரை மேடையை ஆண்டார்கள் என்றால், அதற்குக் காரணம் சங்கீத ஞானம் மாத்திரம் அன்று. ஸ்பெஷல் நாடகத்தில் ஒத்திகை கிடையாது; ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்தும் வந்து மேடையில்தான் சந்திப்பார்கள்; எதிராளி எந்தப் பாட்டை எடுக்கிறாரோ அதற்கு அந்தக் கணமே பதில் பிறக்க வேண்டும். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், ஆர்மோனியப் பெட்டிக்கு மேலே எழுந்து, கொட்டகைக்கு வெளியே வண்டியில் படுத்திருப்பவன் காதிலும் வார்த்தை வார்த்தையாக விழ வேண்டும். அப்படி விழச் செய்தவர் சுந்தராம்பாள். அவருடைய உச்ச ஸ்தாயியில் சொல் ஒருபோதும் சிதைந்ததில்லை. கிராமபோன் கம்பெனிகள் அவர் வீட்டுக்குப் போனது இதற்குப் பிறகுதான்.

கிட்டப்பாவுக்கு முன்பே மணமாகியிருந்தது. இருவரும் சேர்ந்த வாழ்வில் பிரிவும் பிணக்கும் நிறைய. பிறந்த குழந்தையும் தங்கவில்லை. 1933 டிசம்பரில், இருபத்தேழாம் வயதில் கிட்டப்பா காலமானார். இருபத்தைந்து வயது சுந்தராம்பாள் வெள்ளைச் சேலை உடுத்தி, நெற்றியில் திருநீறு அணிந்து, இனி எந்த ஆண் நடிகருக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று விரதம் கொண்டார். அந்த விரதத்தை ஆயுள் முழுவதும் காத்தார். லட்ச ரூபாய் வந்தபோதுகூட அவர் ஏற்றது நாயகி வேஷமன்று, நந்தன் என்ற ஆண் வேஷம். வேதியராக வந்தவர் சங்கீத வித்வான் மகாராஜபுரம் விசுவநாதய்யர். இத்தனை பெயர்களும் சேர்ந்தும் படம் சோபிக்கவில்லை. மரமும் எருமையும் ஆட்டுக்குட்டியும்தான் நன்றாக நடித்திருக்கின்றன என்று ஆனந்த விகடனில் கல்கி கிண்டல் செய்தார். கல்கியின் குத்தல் நியாயமானதே. மேடையில் எதிராளியோடு மோதிப் பிறந்த கலையைத் தனியே பிடித்து நிறுத்தி வைத்தால் அது திணறத்தான் செய்யும்.

பாட்டால் வந்த பெரும் பணம் எல்லோரையும் ஒரே இடத்தில் கொண்டு சேர்ப்பதில்லை. அமெரிக்காவில் இதே காலத்தில் டியானா டர்பின் என்ற பாட்டு நடிகை 1936இல் பதினைந்து வயதுக்குள் படத்துறைக்கு வந்து, பத்தே வருஷத்தில் அந்நாட்டில் மிகுந்த சம்பளம் வாங்கும் பெண்களில் ஒருவராகி, போதும் என்று பிரான்சிலே ஒதுங்கிக்கொண்டார். அவருக்குச் சமகாலத்தவரான ஜூடி கார்லண்ட் கோடிக் கணக்கில் சம்பாதித்தும், வரிப் பாக்கியும் கடனுமாக 1969இல் லண்டனில் நாற்பத்தேழு வயதில் இறந்தார். அதே 1969இல் அறுபதைக் கடந்த சுந்தராம்பாள், ‘துணைவன்’ படத்தில் பாடி, சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருதைப் பெற்றார். இடையில் 1940இல் ‘மணிமேகலை’, 1953இல் வாசனின் ‘ஔவையார்’, பின்பு ‘பூம்புகா’ரில் கவுந்தியடிகள், என்று துறவியும் பாட்டியுமாகவே வந்தார்; அழகையும் இளமையையும் விற்காமல் நட்சத்திரமாக இருக்க முடியும் என்று காட்டியவர்கள், நான் அறிந்த வரையில், உலகத்துப் படவுலகிலேயே மிகச் சிலர். செல்வம் அவரை அடித்துக்கொண்டு போகவில்லை. காங்கிரஸ் மேடைகளில் பாடினார். சென்னை மேலவையில் உறுப்பினராக அமர்ந்தார். பிறந்த ஊரான கொடுமுடியில் ஒரு சினிமாக் கொட்டகை கட்டினார். பொன் தட்டில் விருந்து படைத்தபோது சாப்பாடு மட்டும்தானா, தட்டு இல்லையா என்று காந்தியடிகள் கேட்டாரென்றும், அம்மையார் உடனே தட்டையும் கொடுத்துவிட்டாரென்றும் சொல்லுவார்கள். 1970இல் பத்மஸ்ரீ, 1980இல் மறைவு.

அதற்குப் பின்னும் எத்தனையோ வருஷங்கள், நம் பக்கத்துக் கொடைகளில் குழாய் கட்டியதும் முதலில் ஒலித்தது அவருடைய முருகன் பாட்டுத்தான். தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கிய பெண்கள் அதை உடன்பாடிக்கொண்டே வேலை செய்தார்கள். கோவில்பட்டி, எட்டயபுரம், கழுகுமலை, விளாத்திகுளம் வட்டாரத்து வீடுகளில் பரணிலோ பெட்டியிலோ பழைய நாடக நோட்டீசுகளும் இசைத்தட்டுகளும் கிடந்தால், கரையானுக்குக் கொடுத்துவிடாமல் இந்தப் பத்திரிகை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள். நானே வந்து பார்த்துக் குறித்துக்கொள்கிறேன்.